நகோயாவிலிருந்து அப்பாவுக்கு

நகோயா,
ஜப்பான்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் அப்பாயியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே இப்போது கோடைக்காலம். புழுக்கம் நம் ஊரைப் போலவே இருக்கிறது. சோறு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் வகை என்றாலும் மூன்று வேளையும் கிடைக்கிறது, அம்மா கவலைப்பட வேண்டாம். சென்ற முறை பேசியபோது, ஜெல்லி மீனின் மரபணுவை நெல்லுக்குள் செலுத்துகிறோம் என்று நான் சொன்னதும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். போனில் சொல்லி முடியாததை இதில் எழுதுகிறேன்.

நெல் தண்ணீரில் மூழ்கியதும் அதன் செல்களில் பல மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அது செல்லுக்குள் எங்கே போய் வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் காண வழியில்லை. அதனால் அந்தப் புரதத்தின் வாலில், ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த, பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை இணைத்துவிடுகிறோம். இருட்டில் மேயும் மாட்டை அதன் கழுத்து மணி காட்டிக்கொடுப்பதுபோல, இந்த ஒளி அந்தப் புரதத்தின் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இந்தப் பச்சைப் புரதத்தைக் கண்டெடுத்த ஒசாமு ஷிமோமுரா, 1950களில் நான் படிக்கும் இதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, 1961 கோடையில் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் ஆயிரக்கணக்கான ஜெல்லி மீன்களைப் பிடித்து, அவற்றின் ஒளிரும் விளிம்பை மட்டும் வெட்டியெடுத்துச் சேர்த்தார். அவர் தேடியது நீல ஒளி தரும் வேறொரு புரதம். பச்சைப் புரதம் அதனுடன் சேர்ந்து வந்தது. 238 அமினோ அமிலங்களாலான அது, ஆக்சிஜன் தவிர வேறெந்தத் துணையும் இல்லாமல் தானே ஒளிரும் தன்மையைப் பெற்றுவிடுகிறது என்பதால்தான் நெல்லின் செல்லிலும் அது வேலை செய்கிறது. அவருக்கும் வேறு இருவருக்கும் 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் செடிகள் இதை எளிதில் ஏற்கவில்லை. ஜெல்லி மீனின் மரபணுச் செய்தியில் 84 எழுத்துகளை வேண்டாத பகுதி என்று கொண்டு செடியின் செல் வெட்டி எறிந்தது. புரதம் மாறாதபடி அந்த எழுத்துகளை மாற்றி எழுதிய பிறகே, 1997 வாக்கில் செடிகளில் ஒளி நன்றாகத் தெரிந்தது.

நாங்கள் இருட்டில் வளர்த்த, வெளிறிய நெல் நாற்றின் தண்டைச் சவர பிளேடால் மயிரிழையாக அரிந்து, செல்சுவரைக் கரைக்கும் நொதியில் ஊறவைப்போம். சுவர் நீங்கிய செல்கள் உருண்டைகளாகப் பிரியும். அவற்றுக்குள் மரபணுவைச் செலுத்தி, மறுநாள் இருட்டறையில் லேசர் நுண்ணோக்கியின் கீழ் நீல ஒளி பாய்ச்சினால், செல்லின் நடுவே, மரபணுக்கள் இருக்கும் உட்கரு மட்டும் பச்சை உருண்டையாகத் தெரியும். அந்தப் புரதம் பிற மரபணுக்களை இயக்கும் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பதற்கு அது ஒரு சான்று. பச்சை இலையின் செல் என்றால் பச்சையம் சிவப்பாக மின்னும்; அந்தச் சிவப்பை வடிகட்டிப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒளியை மட்டும் நம்பிவிடவும் கூடாது: செல்லில் அளவுக்கு மீறிப் புரதம் உண்டானால் அது இயல்பாகப் போகாத இடத்திலும் தெரியும், இருக்கும் இடம் தெரிந்தாலும் அதன் வேலை இன்னதென்று அந்த மரபணுவை முடக்கிப் பார்த்தால்தான் உறுதியாகும்.

நீங்கள் அஞ்சியது வேறு என்று எனக்குத் தெரியும். இந்தச் செல்கள் கிண்ணத்திலேயே சில நாள்களில் மடிந்துவிடும், வயலுக்குப் போவதில்லை. நம் பக்கத்தில் பயிரிடும், வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லிலும் ஜெல்லி மீனின் மரபணு கிடையாது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து இனக்கலப்பு வழியாக மட்டுமே வந்தது அந்த வெள்ளம் தாங்கும் குணம். மூழ்கும்போது வளர்ச்சியை அடக்கிச் சத்தைச் சேமித்துக்கொள்ளும்படி அந்த நெல்லின் சப்-1 மரபணு செய்கிறது. 2009இல் இங்கே கண்டறிந்த ஸ்நார்க்கெல் என்ற நெல் மரபணுக்களோ, அதே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தும், தண்டை நீட்டி இலையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவருகின்றன. ஒரே குடும்பம் ஏன் இப்படி நேரெதிராக நடந்துகொள்கிறது என்ற கேள்விதான் என்னை இங்கே பிடித்து வைத்திருக்கிறது.

சம்பாவுக்கு விதை வாங்கும்போது, வாய்க்கால் ஓரத்துப் பள்ள வயலுக்காவது சப்-1 வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் முழுதாக மூழ்கிக் கிடந்தால் அதுவும் தாங்காது. ஆகையால் ஐப்பசிக்கு முன் வடிகாலைத் தூர்வாரிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்