பாட்டியின் மாத்திரை டின்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மெசேஜை நேற்று ராத்திரி ரெண்டு தடவை படித்தேன். "டாக்டராக வந்தேன்ப்பா, எதற்கு இந்த வேதியியல்?" என்று கேட்டிருந்தாய். முதல் தேர்வில் மார்க் குறைந்த கோபம் அதில் பாதி. சரி, மார்க்கை விடு. இருபத்தெட்டு வருஷம் ரத்த மாதிரிக் குழாய்களோடு ஆய்வகத்தில் உட்கார்ந்தவன் என்பதால் நாலு வார்த்தை சொல்கிறேன்.

பாட்டி கும்பகோணத்திலிருந்து இங்கே வந்த புதிதில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. ஊர் ரிப்போர்ட்டில் சர்க்கரை 216. இங்கே பலதுறை மருந்தகத்தில் பார்த்தால் 12. "சிங்கப்பூர் தண்ணி விசேஷம்" என்று பாட்டி புளோக் முழுக்கச் சொல்லிவிட்டார். ரெண்டும் ஒரே அளவுதான். அங்கே 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று எடை போடுகிறார்கள், இங்கே ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று மூலக்கூறுகளின் தலை எண்ணுகிறார்கள். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180, லிட்டர் 100 மில்லிலிட்டரைப் போல் பத்து மடங்கு, அதனால் 18ஆல் வகுத்தால் போதும். கொலஸ்டிராலுக்கும் அதே 18ஐப் போட்டுவிடாதே, அதன் எடை 387, அங்கே 38.7. நீ அலுத்துக்கொள்ளும் மோல் கணக்கு இவ்வளவுதான்.

அடுத்தது என் மானம் போன கதை. அம்மாவுக்கே முழுசாகத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இரவு ஷிஃப்ட். ஒரு நோயாளியின் பொட்டாசியம் 14 என்று காட்டியது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. கை நடுங்க வார்டுக்கு போன் அடித்தேன். டாக்டர் ஓடினார். நோயாளியோ சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்! பக்கத்து மேசையில் இருந்த சீன அக்கா ஒரே கேள்வி கேட்டார்: "கால்சியம் எவ்வளவு?" பார்த்தேன். கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

நடந்தது இது. மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டார்கள். ஊதாவுக்குள் இருப்பது இடிடிஏ என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு. ரெண்டு நைட்ரஜன், நாலு ஆக்சிஜன், ஆக ஆறு கைகளால் அது கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். கால்சியம் சிக்கினால் ரத்தம் உறையாது. அதற்காகத்தான் குழாயில் போடுகிறார்கள். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். நண்டுக் கொடுக்கேதான், ஆங்கிலத்தின் 'கீலேட்' என்ற சொல்லும் கொடுக்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வந்தது. பொட்டாசியம் எகிறியதும் கால்சியம் காணாமல் போனதும் அந்த ஒரே பொடியின் வேலை. அந்த 14ஐ நம்பி, பொட்டாசியத்தைக் குறைக்கும் இன்சுலினை ஏற்றியிருந்தால், உள்ளே ஒழுங்காக இருந்த பொட்டாசியமும் சரிந்திருக்கும். அந்த டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ரத்தம் எடுத்தார். நான் எண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

அப்புறம் கரிம வேதியியல். "எஸ்டர், எஸ்டர் என்று உயிரை எடுக்கிறார்கள்" என்கிறாய். பாட்டி போனபிறகு அலமாரியை ஒழித்தோமே, அப்போது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. இதயத்துக்காகக் கொடுத்த ஆஸ்பிரின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து அதில் கொட்டி வைத்திருந்தார். நகத்தால் அட்டையைக் கிழிக்க முடியவில்லை போலும். மூடியைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாசனை.

ஆஸ்பிரின் ஒரு எஸ்டர், அதாவது ஒரு அமிலம் இன்னொரு மூலக்கூறின் ஓஎச் தொகுதியோடு சேர்ந்த சேர்மம். 1897இல் ஜெர்மன் நிறுவனமான பேயரின் ஆய்வகத்தில் சாலிசிலிக் அமிலத்தின் மேல் ஓர் அசிட்டைல் தொகுதியை, அதாவது வினிகர் அமிலத்தின் ஒரு துண்டை, ஏற்றினார்கள். நம் ஊர் ஈரக்காற்று அதை நிதானமாக இறக்கிவிட்டது. இறங்கியது அசிட்டிக் அமிலம், மூக்கில் ஏறியது அதுதான். உடம்புக்குள்ளும் ஆஸ்பிரின் செய்வது இதே காரியம், ஆள்தான் வேறு. அசிட்டைலைத் தண்ணீருக்குக் கொடுக்காமல், ரத்தம் உறைய உதவும் தட்டணுவின் நொதியில் செரின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒட்டிவிடும். ஒட்டினால் பிரியாது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்துகொள்ள வழியில்லை. அது வாழும் ஏழு பத்து நாளும் முடங்கியே கிடக்கும். சில அறுவைச் சிகிச்சைகளுக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

டின்னில் முழுசாகக் கெட்டுப்போன மாத்திரையிடம் ஒட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அதையெல்லாம் பாட்டி சாப்பிட்டிருக்க மாட்டார், எடுத்து வைத்த மிச்சம்தான் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். தினமும் அந்த அலமாரியைக் கடந்துதான் வேலைக்குப் போனேன், ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

வினைகளின் பெயரை மனப்பாடம் செய்யாதே. எந்தத் தொகுதி, யாரிடம் போகிறது என்று மட்டும் பார். தாங்கல் கரைசல் பற்றிக் கேட்டிருந்தாய், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம், அதற்குத் தாள் வேண்டும்.

அம்மா தேக்காவில் ரசப்பொடிக்குச் சாமான் வாங்கிவிட்டாள், அடுத்த வாரம் பார்சல் வரும். டின்னை நான் எறியவில்லை. டிசம்பரில் வரும்போது நீயே திறந்து மோந்து பார்.

அன்புடன்,
அப்பா
அங் மோ கியோ