பானையின் நேரத்துக்கு விருந்தினர் வரட்டும்: வட்டாரப் பொங்கல் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக மன்றங்களிலும் அடுக்குமாடிக் கீழ்த்தளங்களை ஒட்டிய திடல்களிலும் ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்தும் இந்திய நற்பணிச் செயற்குழுவினருக்கும், அவர்களுக்குத் தோள்கொடுக்கும் குடியிருப்பாளர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

வட்டாரப் பொங்கல் அழைப்பிதழ்களில் பெரும்பாலும் இப்படி இரண்டு வரிகள் இருக்கும்: "காலை 9.30: சிறப்பு விருந்தினர் வருகை. 9.45: பொங்கல் பொங்குதல்." இரண்டாவது வரியைப் பற்றித்தான் எழுதுகிறோம். பால் பொங்கும் நேரம் பானையின் அளவையும் விறகின் ஈரத்தையும் அன்றைய காற்றையும் பொறுத்தது. அதை நிகழ்ச்சி நிரலுக்குள் அடைக்கப் பார்க்கும்போதுதான் பானை அடிப்பிடிக்கிறது, விரிசல் விடுகிறது, யாராவது கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். 2025இல் 14, 2026இல் 15. சிங்கப்பூரில் அது பொது விடுமுறை இல்லை என்பதால் வட்டார விழா வார இறுதிக்குப் போகிறது. அதில் குறையில்லை. தை பிறந்த அன்று விடியலிலேயே வீட்டில் பொங்கல் வைத்தவர்களும் சனி ஞாயிறில் அக்கம்பக்கத்தாரோடு இன்னொரு முறை வைக்கலாம். ஆனால் பொங்கி வழிவது உண்மையாக நடக்க வேண்டும். விழாவின் பெயரே அதுதான்.

விருந்தினர் தாமதமாகிறார் என்று செய்தி வந்ததும் என்ன நடக்கிறது? கழுத்துவரை ஏறிய பாலை அடக்க விறகை வெளியே இழுக்கிறார்கள். பாலின் மேல் ஆடை படிகிறது. அடியில் பால் பிடித்துத் தீய்கிறது. இருபது நிமிடம் கழித்து, வாகனம் வந்துவிட்டது என்றதும் விறகை ஒரே மூச்சில் உள்ளே தள்ளுகிறார்கள். ஆடைக்கு அடியில் அடைபட்ட ஆவி அதைக் கிழித்துக்கொண்டு எழும்பி, பால் அடுப்பில் கொட்டித் தீயை அணைக்கிறது. சாம்பலும் சூடான ஆவியும் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு வருகின்றன. படத்தில் அழகாகத்தான் தெரியும். அந்தப் பொங்கலைச் சாப்பிட்டால் கருகல் வாசனை அடிக்கும்.

இதற்கு எளிய வழி உண்டு. ஆறு அடுப்புகள் வைக்கிறீர்கள் என்றால் ஆறையும் ஒன்றாகப் பற்றவைக்காதீர்கள். 5 லிட்டர் மண்பானையில் 4 லிட்டர் பாலும் நீருமாக ஊற்றி, காய்ந்த விறகில் வைத்தால் பொங்க ஏறத்தாழ 25 முதல் 35 நிமிடம் ஆகும். முதல் அடுப்பை 9.05க்கு, அடுத்ததை 9.15க்கு, அதற்கடுத்ததை 9.25க்கு என்று பத்து நிமிட இடைவெளியில் ஏற்றுங்கள். 9.35 தொடங்கி 10.25 வரை ஏதாவது ஒரு பானை பொங்கிக்கொண்டே இருக்கும். விருந்தினர் எப்போது வந்தாலும் அப்போது பொங்கும் பானையருகே நின்று "பொங்கலோ பொங்கல்" சொல்லட்டும். எந்தக் குடும்பமும் தன் பானையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. கூடியிருப்பவர்களும் ஒரு முறைக்கு ஆறு முறை குரல் கொடுப்பார்கள்.

இனிப் பானை. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் கடைகளில் வண்ணம் பூசி, பூப்போட்ட பானைகள் கண்ணைப் பறிக்கும். அவை அலங்காரத்துக்கு. நெருப்பில் வைத்தால் வண்ணம் கருகி உரியும், புகை நாறும். சமைப்பதற்கு வண்ணம் பூசாத, வாய் குறுகிய பானையாகப் பாருங்கள். விரல் மடக்கித் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. விழாவுக்கு மூன்று நாள் முன்பே வாங்கிவிடுங்கள். ஓர் இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு அரிசி களைந்த நீரை ஊற்றிச் சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். முதல் நாள் மாலை வாங்கி மறுநாள் காலை நேரே பெருந்தீயில் ஏற்றும் பானைதான் பெரும்பாலும் வெடிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சூடேறினாலும் மண் தாங்காது. கொதிக்கும் பானையில் குளிர்ந்த பாலைச் சேர்ப்பது, இறக்கிய பானையை ஈரத் தரையில் வைப்பது இரண்டும் அதே தவறு. இறக்கி வைக்க ஒரு வைக்கோல் பிரிமணையோ, மடித்த கோணிச் சாக்கோ போதும்.

தண்ணீர் மட்டும் கொதித்தால் நுரைத்து வழியாது. குமிழிகள் மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் உள்ள புரதம் குமிழியைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்து அதை உடையாமல் வைத்திருக்கிறது. குமிழி மேல் குமிழி ஏறி, குறுகிய கழுத்தில் நெருங்கித்தான் நுரை விளிம்பைத் தாண்டுகிறது. எனவே சிக்கனம் என்று அரை டம்ளர் பால் விட்டால் பொங்காது. 1 லிட்டர் பாலுக்கு 3 லிட்டர் நீர் என்பது நல்ல கணக்கு. அந்த நீரில் பாதியாவது அரிசியை இரண்டாம் முறை களைந்த நீராக இருந்தால் இன்னும் நன்றாக நுரைக்கும். வாயகன்ற தவலையிலோ பாதி நிரம்பிய பானையிலோ பொங்கலை எதிர்பார்த்து நிற்காதீர்கள்.

பொங்கி வழிந்ததும் 1 லிட்டர் அளவுக்குக் கரண்டியால் மொண்டு தனியே வையுங்கள். இதைச் செய்யாமல் அரிசியைப் போட்டால் மறுபடி மறுபடி வழிந்து அடுப்பு அணையும். பிறகு 400 கிராம் பச்சரிசி, லேசாக வறுத்த 100 கிராம் பாசிப்பருப்பு. மொண்டு வைத்ததை இளஞ்சூடாக வைத்திருந்து, அரிசி இழுக்க இழுக்க ஊற்றிக்கொள்ளலாம். முப்பது, நாற்பது நிமிடத்தில் மசியும். மசிந்த பிறகுதான் வெல்லம். நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டு முன்னதாகப் போட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது, சர்க்கரை நீரை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் கிளறினாலும் நறுக்கு நறுக்கென்றே இருக்கும். கொதிக்கும் பாலில் வெல்லம் நேராக விழுந்தால் பால் திரியவும் கூடும். 600 முதல் 700 கிராம் வெல்லத்தை ஒரு கிண்ணம் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தீயைத் தணித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. இந்த அளவில் ஏறத்தாழ 3 கிலோ வரும். சிறு கிண்ணத்தில் கொடுத்தால் ஒரு பானை முப்பது பேருக்குக் காணும். ஆறு பானைகள் நூற்றெண்பது பேருக்கு. அதற்கு மேல் தேவைப்படுவதை உணவகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மேடையில் ஒரே ஒரு பானையை வைத்துவிட்டு மற்றதெல்லாம் பொட்டலமாக வந்தால், வந்தவர்கள் பார்வையாளர்களாகவே திரும்பிப்போகிறார்கள். அதுதான் எங்கள் பெரிய மனக்குறை.

அடுப்புக்குச் சுட்ட செங்கல் வேண்டும். நடைபாதைக்குப் போடும் சிமெண்ட் கல் சூட்டில் சில்லு தெறிக்கும். புல்தரையில் நேரடியாக அடுப்பு மூட்டினால் வட்டமாகக் கருகும்; நகர மன்றம் அனுமதி தரும்போது கேட்கும் முதல் கேள்வியும் அதுவாக இருக்கலாம். தகரத் தகட்டின் மேல் நான்கு விரல் கனத்துக்கு மணல் பரப்பி, அதன் மேல் கற்களை வையுங்கள். எரிவாயு அடுப்புதான் முடியும் என்றால் மண்பானையை விட்டுவிட்டு வெண்கலப் பானைக்கோ எவர்சில்வர் பானைக்கோ மாறிவிடுங்கள். வேகமான எரிவாயுச் சுடர் ஒரே இடத்தைத் தாக்கி மண்பானையின் அடியைப் பிளந்துவிடும்.

மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்ட ராஃபியா கயிற்றை எடுக்காதீர்கள். அது பிளாஸ்டிக், உருகிப் பானைக் கழுத்தில் ஒட்டும், சொட்டும். பருத்தி நூலோ வாழைநாரோ போதும், அதையும் அடுப்பில் ஏற்றுமுன் கட்ட வேண்டும். கரும்பின் தோகை காய்ந்திருந்தால் கையெட்டும் உயரத்திலேயே தீப்பிடிக்கும், அடுப்பிலிருந்து ஓர் ஆள் நீளமாவது தள்ளி நிறுத்துங்கள். சமைப்பவர்கள் முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் இரண்டு அடுப்புக்கும் ஒரு வாளி மணல், ஒரு வாளி நீர்.

ஜனவரி இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். கூடாரம் போடுவது சரிதான், ஆனால் தாழ்ந்த துணிக்கூரைக்கு அடியில் விறகடுப்பு கூடவே கூடாது. ஆட்கள் கூடாரத்துக்குள், அடுப்புகள் வெளியே, விறகு மட்டும் மூடிய இடத்தில். மழை நனைத்த கோலப்பொடி வழவழப்பான தரையில் சறுக்கும், ஆகவே கோலத்தை நடைவழியிலிருந்து விலக்கிப் போடுங்கள். அந்த வழியாகத்தான் முதியோரும் சக்கர நாற்காலிகளும் போகும்.

சீன, மலாய் அண்டைவீட்டார் வருவார்கள். பொங்கலில் இறைச்சி இல்லை, பால், நெய், முந்திரி உண்டு என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் சீனத்திலும் ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். முந்திரி ஒவ்வாதவர்களுக்கு அது முக்கியம். படைத்த உணவைச் சாப்பிடத் தயங்குபவர்களும் இருப்பார்கள். ஒரு பானையைப் படையலில் வைக்காமல் தனியே எடுத்துவைத்தால், அவர்கள் சங்கடமின்றிச் சாப்பிடலாம். அறிவிப்பாளர் "இந்தியர்களின் புத்தாண்டு" என்று சொல்லிக் கடந்துவிட வேண்டாம். விளைச்சலுக்காகச் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் தமிழர் திருநாள் இது என்று இரண்டு நிமிடம் விளக்கட்டும். இதே நாட்களில் பஞ்சாபியர் லோஹ்ரியும் தெலுங்கர் சங்கராந்தியும் கொண்டாடுவதையும் சேர்த்துச் சொல்லலாம். லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயருக்கு மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். தேக்கா வட்டாரம் மாட்டு வணிகத்தால் வளர்ந்தது.

யார் பானை முதலில் பொங்கும் என்ற போட்டியைத் தயவுசெய்து கைவிடுங்கள். அது அளவுக்கு மீறி விறகைத் திணிக்கச் சொல்லும் போட்டி. சுவைக்கும் பதத்துக்கும், அடிப்பிடிக்காத பானைக்கும் பரிசு கொடுங்கள்.

எல்லாம் முடிந்து எல்லாரும் கலையும் நேரத்தில்தான் ஒரு தவறு நடக்கிறது. அணைந்ததுபோலத் தெரியும் கரியைப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியிலோ அடுக்குமாடியின் குப்பைக் குழாயிலோ போட்டுவிடுகிறார்கள். உள்ளே கனல் இருந்தால் சில மணி நேரம் கழித்துத் தீப்பிடிக்கும். சாம்பலையும் கரியையும் மூடியுள்ள தகர டின்னில் போட்டு, நீர் தெளித்துக் கிளறி, ஓர் இரவு வைத்திருந்து, தொட்டால் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுநாள் அப்புறப்படுத்துங்கள். அந்த வேலைக்கு ஒருவரின் பெயரை இப்போதே பட்டியலில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
வட்டாரப் பொங்கல் அடுப்படிகளில் பணியாற்றும் தொண்டூழியர்கள்
சிங்கப்பூர்