மருமவ இந்த டெர்ம்ல என்னத்த படிச்சான்னு கேட்ட தம்பிக்கு

ஏல தம்பி,

என் மவளப் பத்தி போன்ல நீ கேட்டது ரெண்டே கேள்வி, என்ன மார்க்கு, எத்தனாவது ரேங்க்கு. ரெண்டுக்கும் அப்பமே பதில் சொல்லிட்டேன், நீயும் சரிக்கான்னு வச்சிட்ட. ஆனா மறுநாளே ஒரு ஆன்லைன் கிளாஸ் லிங்க்க அனுப்பி "சேத்து விடுக்கா, பணம் நான் கட்டுதேன்"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்க பாரு, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. வாட்ஸப்ல எழுதுனா பாதி படிச்சிட்டு கட்டவெரலப் போட்டு அனுப்பிருவ. அதனால இங்கன எல்லாரும் பாக்க எழுதுதேன், உன்ன மாரி மஸ்கட்லயும் துபாய்லயும் இருந்துக்கிட்டு மார்க்க மட்டும் கேக்குற தாய்மாமன்மாரு வேற யாரு இருந்தாலும் படிச்சிக்கிடட்டும்.

மார்க்க மொதல்ல முடிச்சிருவோம். ஏழாங்கிளாஸ்க்கு இப்பவும் மூணு டெர்ம்தான், ரெண்டாவது டெர்ம் அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பரோட சரி. டெர்முக்கு ஒரு புக்கு, நம்ம மாரி வருசம் முழுக்க ஒரே மூட்டைய சொமக்க வேண்டாம். நூறுல அறுபதுதான் பரீட்சைக்கு, மிச்சம் நாப்பது வளரறி மதிப்பீடுன்னு செயல்பாடு, சின்னச் சின்ன டெஸ்ட்டு இதுக்கெல்லாம். கணக்கும் அறிவியலும் நல்லா வாங்கியிருக்கா, தமிழ் பரவால்ல, சமூக அறிவியல்ல முகலாயர் பாடத்துல யாரு அப்பா யாரு மவன்னு கொழப்பி வச்சிருக்கா, இங்கிலீஷ் சுமார். போதுமா? இனி நீ கேக்காதத சொல்லுதேன்.

2023 டிசம்பர் வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும், 17ந் தேதியும் 18ந் தேதியும் நீ அங்கேர்ந்து போன் போட்டு போட்டு லைனே கிடைக்காம தவிச்சியே. அப்ப இவ அஞ்சாங்கிளாஸ். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு டிவில சொன்னதும், "95ன்னா என் இடுப்புக்கு மேல வருமே, தெருவுல எல்லாம் அவ்ளோ தண்ணி நின்னுச்சா, அப்ப ஓடிப்போன தண்ணிய யாரு அளந்தா?"ன்னு கேட்டா. வீட்டுல ஒருத்தருக்கும் ஒழுங்கா பதில் சொல்லத் தெரியல. தூத்துக்குடி மாவட்டத்துக்கே ஒரு வருசத்துல பெய்யுற சராசரி மழையவிட அது அதிகம்னு நீதான் எங்கயோ படிச்சிட்டு சொன்ன, அது அவ கேட்டதுக்கு பதில் இல்லன்னு அவ மூஞ்சியிலயே தெரிஞ்சுது.

இந்த டெர்ம்ல கணக்குல தசம எண், அங்க அறிவியல் டீச்சர் மழைமானி செஞ்சு கொண்டாங்கன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு லிட்டர் பவண்டோ பாட்டில் ஒண்ண எடுத்து மேல்பக்கத்த வெட்டி, அதயே தலைகீழா புனல் மாரி சொருகி, அடியில மேடும் பள்ளமுமா இருக்கும்லா அந்த எடத்துல அப்பாட்ட சொல்லி கொஞ்சம் சிமெண்ட கொழச்சு ஊத்தி மட்டம் பண்ணி, வெளிய ஸ்கேல ஒட்டி மொட்டமாடியில வச்சா. எதிர்த்த வீட்டுப் பையன் இவள விட அகலமான டப்பா ஒண்ணு வச்சிக்கிட்டு எனக்குத்தான் நெறைய மழைன்னு வம்புக்கு வந்தான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, ராத்திரி அடிச்ச மழைக்கு ரெண்டுலயும் ஒரே அளவு. வாய் அகலமா இருந்தா தண்ணி கூட விழும், ஆனா அந்த அகலத்துக்கே பரவிரும், அதனால ஒசரம் ஒண்ணுதான். அஞ்சாங்கிளாஸ்ல கேட்ட கேள்விக்கு அன்னைக்குத்தான் அவளுக்கு பதில் கிடச்சுது. ஓடிப்போகாம, மண்ணுக்குள்ள எறங்காம, வெயில்ல காயாம எல்லாம் அப்படியே நின்னிருந்தா எவ்ளோ ஒசரம் நின்னிருக்கும், அதுதான் அந்த 95. நானும் அன்னைக்குத்தான் தெரிஞ்சிக்கிட்டேன், எனக்கு என்ன வெக்கம்.

காலையில எட்டரை மணிக்குத்தான் அளக்கணுமாம், வானிலை ஆபீஸ்லயும் அதுதான் நேரமாம். இவளுக்கு அதுக்குள்ள பஸ் வந்துரும். அதனால அந்த வேலை ஆச்சிக்கு. நம்ம அம்மாதாம்ல, பள்ளிக்கூடத்து வாசப்படிய மிதிக்காதவ, முட்டிய புடிச்சிக்கிட்டு மாடி ஏறிப் போயி ஸ்கேல பாத்துட்டு காலண்டர்ல கரிக்கோடு போட்டு வைக்கா, சாயங்காலம் இவ வந்ததும் "ஏட்டி, பன்னெண்டும் அதுக்கு மேல ரெண்டு சின்னக் கோடும்"ன்னு ஒப்பிக்கா. பேத்தி 12.2ன்னு நோட்டுல எழுதுதா. தசமம்னா என்னன்னு அம்மாட்ட கேட்டா தெரியாதுன்னுதான் சொல்லுவா.

பொறவு மாடிய அளந்தா. 600 சதுர அடி, அத மீட்டருக்கு மாத்துனா ஏறக்கொறைய 55.7 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா சரியா ஒரு லிட்டர், அப்ப பத்து மில்லிமீட்டர் மழைக்கு நம்ம மாடியில மட்டும் 557 லிட்டர். மேல நிக்குற சின்டெக்ஸ் டேங்கு 500 லிட்டர்தான். "ஒரு மழைக்கு ஒரு டேங்குக்கு மேல வருது, நீங்க எதுக்கு மோட்டர் போடுதீங்க"ன்னு நேரா தாத்தாட்ட போயி கேட்டுட்டா. 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அரசாங்கம் சொன்னப்ப நம்ம அப்பா போட்ட பைப்பு ஒண்ணு பின்னாடி ஒடஞ்சு கெடக்குல்லா, அதுக்கு இப்பத்தான் விடிவு வந்துச்சு. பிளம்பர கூப்புட்டு சரி பண்ணி குழிய தூர்வாரி வச்சாச்சு. நான் சொல்லி சொல்லி ஓஞ்சு போன வேலை அது, பேத்தி ஒரு கணக்கு போட்டதும் மனுசன் எந்திரிச்சிட்டாரு.

அதோட விட்டாளா. பேப்பர்ல தெனம் அணை நீர்மட்டம் போடுவான்லா, நீ கூட ஸ்போர்ட்ஸ் பக்கம் தேடுறப்ப அத தாண்டித்தான் போவ, அத எழுத ஆரம்பிச்சா. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இதெல்லாம் மொத்த ஒசரம். இன்னைக்கு எத்தன அடி, உள்ள எவ்ளோ வருது, எவ்ளோ தொறந்து விடுதாங்கன்னு தனித்தனி கட்டம். பழைய பேப்பர்காரருக்கு போட கட்டி வச்சிருந்த கட்ட அவுத்து ஜூன்லேர்ந்து இருக்கத எல்லாம் எடுத்துட்டா, தார்சா முழுக்க பேப்பரு, நடக்க எடம் இல்ல. ஆனா அதுலேர்ந்து ஒண்ணு கண்டுபுடிச்சா பாரு. குத்தால சீசன் நேரத்துல பாபநாசம் மளமளன்னு ஏறுது, மணிமுத்தாறு அசைய மாட்டேங்குது, அக்டோபர் கழிஞ்ச பொறவுதான் அதுக்கு உசுரு வருது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழைன்னு நம்ம மனப்பாடம் பண்ணுனத அவ கிராஃப் தாள்ல ரெண்டு கோடா போட்டு காட்டுதா. பாபநாசத்துக்கும் சேர்வலாறுக்கும் மலைக்குள்ள சுரங்கம் வழியா தொடுப்பு இருக்குன்னு அவ அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும், இத்தன வருசமா இங்கனயே குடியிருக்கேன்.

கனஅடின்னா என்னன்னு ஒரு நாள் கேட்டா. நொடிக்கு ஒரு கனஅடி, கிட்டத்தட்ட 28.3 லிட்டர், அப்ப நம்ம டேங்கு நெறைய 18 செகண்டுகூட ஆகாது. ஆத்துல ஆயிரக்கணக்குல தொறந்து விடுதாங்கன்னு கேக்குறப்ப நமக்கு அது சும்மா ஒரு நம்பரு, அவளுக்கு இப்ப எத்தன டேங்குன்னு தெரியுது. மழை லீவு மர்மமும் இப்படித்தான் வெளங்குச்சு. நம்ம தெருவுல தூத்தல்தான் போடும், கலெக்டர் லீவு விட்டுருவாரு, வெயில் சுள்ளுன்னு அடிக்கும், எல்லாரும் சிரிப்போம். இவ பேப்பர விரிச்சு ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலைன்னு மலை மேல பெஞ்ச மழைய காட்டி, "அங்க பெஞ்சது இனிமத்தான் இங்க வரும்மா"ன்னு சொல்லுதா. திருநெல்வேலி குறுக்குத்துறைக்கு கூட்டிட்டுப் போயிருந்தேன், தாமிரபரணி ஆத்துக்குள்ள இருக்க முருகன் கோயில் பாதி தண்ணிக்குள்ள நிக்கி, வெள்ளம் வார பக்கம் செவர படகு முன்பக்கம் மாரி கூரா கட்டியிருக்காங்கல்லா, தண்ணி ரெண்டா பிரிஞ்சு போறத பாத்துக்கிட்டே நின்னா. சாமிய மேலக்கோயிலுக்கு கொண்டு போயிருவாங்கன்னு பூக்காரம்மா சொன்னதும், "எத்தன அடி வந்தா கொண்டு போவாங்க?"ன்னு அவங்கள்ட்ட கேட்டா. அந்தம்மா "படி மறைஞ்சா போயிரும் தாயி"ன்னு சொல்லிட்டு பூ கட்ட போயிட்டாங்க.

நடுவுல பத்தமடை. உள்ளூர்த் தொழில் பத்தி எழுதணும்னு பள்ளிக்கூடத்துல கேட்டிருந்தாங்க, இங்க சேரன்மாதேவியிலேர்ந்து எட்டிப் புடிச்சா பத்தமடை, ஒரு பாய் நெய்யுற வீட்டுல கொண்டு விட்டேன். கோரைய பச்சையா அறுத்து, காயப்போட்டு, ஓடுற தண்ணியில நாள் கணக்கா ஊறப்போட்டு, அது ஊதுன பொறவு திரும்பக் காயவச்சு, மெல்லிசா கிழிச்சு, சாயம் ஏத்தி, நூல் பாவுல ஒவ்வொண்ணா கோக்கணும். பட்டுப்பாய்னா கோரை நூல் மாரி இருக்கணும், அதுக்கே வாரக்கணக்குல ஆகும். 2013ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, ஆனா நெய்யுற அந்தப் பெரியம்மா "புள்ளைங்க யாரும் உக்கார மாட்டேங்குது"ன்னு சொன்னத இவ அப்படியே எழுதிட்டு வந்தா. அவ கேட்ட கேள்வி மழையப் பத்திதான், மழைக்காலத்துல கோரைய எப்படி காயவப்பீங்கன்னு. ஆறும் வேணும் வெயிலும் வேணும், ரெண்டும் சேந்து கெடைக்குற மாசம்தான் எங்களுக்கு சோறுன்னு அவங்க சொன்னாங்க.

இப்ப ஒரு வயித்தெரிச்சல சொல்லிருதேன். இந்த நோட்டுக்கு அவளுக்கு கெடச்ச மார்க்கு, கடையில அஞ்சு ரூவா படம் வாங்கி சார்ட்டுல ஒட்டி ஜிகினா போட்டுட்டு வந்த புள்ளைக்கு கெடச்சத விட கம்மி. அடிச்சு திருத்தி எழுதியிருக்கா, நீட்டா இல்லன்னு. தெனம் ஒரு பேனாவுல எழுதுன நோட்டு எப்படில நீட்டா இருக்கும்? போயி சண்டை போடலாமான்னு நெனச்சேன், இவ வேண்டாம்னுட்டா, அவளுக்கு அது பெருசா படல. வில்லுப்பாட்டுல சேத்துக்கிட்டாங்கன்னு அந்த சந்தோசத்துல இருந்தா. பின்பாட்டுதான், முன்னால பாடுறவ ஒரு வரி சொன்னா இவ "ஆமா" போடணும், வீட்டுல ஒரு வாரம் எதுக்கு எடுத்தாலும் ஆமா ஆமான்னு இழுத்து எங்க உயிர எடுத்துட்டா.

உன் ஆன்லைன் கிளாஸ் சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டுன்னு போட்டிருக்கு. அந்த நேரத்துலதாம்ல ஆச்சியும் பேத்தியும் உக்காந்து நோட்டு போடுதாங்க. அத பிடுங்கிட்டு ஹெட்போன மாட்டி உக்கார வைக்க எனக்கு மனசு இல்ல, அதனால சேக்கல. உனக்கு கோவம் வந்தா வரட்டும். இங்கிலீஷ் சுமார்னு சொன்னேன்லா, அதுக்கு நீயே மனசு வை. வெள்ளிக்கெழம உனக்கு லீவுதான, அரைமணி நேரம் போன்ல இங்கிலீஷ்லயே பேசு, அங்க நீ என்ன வேலை பாக்குற, வாடின்னு சொல்லுற அந்த ஊரு காட்டாறு எப்படி இருக்கும், அங்க மழை பெஞ்சா என்ன ஆவும்னு அவளுக்கு கேக்க ஆயிரம் இருக்கு. உன் இங்கிலீஷும் ஒண்ணும் பிரமாதம் இல்ல, ரெண்டு பேருக்கும் ஆவும்.

பணம் செலவழிச்சே தீரணும்னா வரும்போது ஒரு பைனாகுலர் வாங்கிட்டு வா. கூந்தன்குளத்துக்கு கூட்டிட்டுப் போவணும்னு நிக்கா, ஜனவரி கழிஞ்சா கூழைக்கடாவும் நாரையும் வந்து எறங்கிரும், அந்த ஊர்க்காரங்க பறவை பயந்துரும்னு தீவாளிக்குக் கூட வெடி போடுறதில்லன்னு கேட்டதுலேர்ந்து அவளுக்கு ஊர் மேலயே ஒரு பிரியம். அந்தக் குளத்துக்கு மணிமுத்தாறு தண்ணிதான் போவுது, அதனால நோட்டப் பாத்துட்டு இந்த வருசம் பறவை நல்லா வரும்னு இப்பமே சொல்லிக்கிட்டு இருக்கா, சரியா தப்பான்னு நேர்ல போயி பாக்கணுமாம். எட்டு மடங்கு பெருசா காட்டுறது போதும், அதுக்கு மேலன்னா கை ஆடும்னு அவளே சொல்லுதா. டிக்கெட் போட்டதும் தேதிய சொல்லு, வண்டி பேசணும்.

அக்கா