சாக்கையாவது அவிழ்த்துப் பாருங்கள்: செயின்சா மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் மரம் அறுக்கும் மிஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் அனைவருக்கும் வணக்கம்.

சித்திரை பிறந்ததிலிருந்து உங்கள் கடைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாசகம் எழுதிய அட்டை தொங்குகிறது: "சைனா மிஷின் வேலை எடுக்கப்படாது." நீங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு என்று கேள்விப்பட்டேன். கடந்த மாதம், செயினுக்கு எண்ணெய் விடும் ஆயில் பம்ப் வேலை செய்யாத என் மிஷினைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடைகளில் அட்டையைக் கை காட்டினார்கள். மூன்றாவது கடைக்காரர் சாக்கின் மேலிருந்தே தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்குச் செலவு பண்றதைவிட இரும்புக் கடையில போட்டுடுங்க" என்றார். சாக்கின் கட்டைக்கூட அவர் அவிழ்க்கவில்லை. அந்த அவிழாத சாக்கின் பொருட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருக்கும் விவசாயி. 2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது என் தோப்பில் இருந்த 210 மரங்களில் நின்றவை 37. விழுந்த மரத்தைத் தோப்பிலேயே போட்டு வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும். மட்கும் தண்டுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பிழைத்து நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். அந்த வாரங்களில் பொள்ளாச்சியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மிஷினோடு ஆட்கள் வந்தார்கள், நல்ல வேலைக்காரர்கள்தான், ஆனால் பெரிய தோப்புகளை முடித்துக்கொண்டு என் போன்றவர்களிடம் வந்து சேர அவர்களுக்கு நாள் பிடித்தது. மரத்துக்கு இவ்வளவு என்று கேட்ட கூலியும் வாரத்துக்கு வாரம் ஏறியது. நாற்பது நாள் காத்திருந்த பிறகு, 2019 பொங்கலுக்கு முந்தைய வாரம், ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து ஆரஞ்சு நிற 58 சி.சி. மிஷின் ஒன்றை வாங்கினேன். அதே பருமனுள்ள ஜெர்மன் மிஷினுக்கு அப்போது கேட்ட விலை அதைப்போல் ஐந்து மடங்கு. இருபது ஆண்டு வருமானம் ஒரே இரவில் சாய்ந்து கிடந்தவனுக்கு அது பேசக்கூடிய தொகையே அல்ல.

இந்த மிஷின் உயர்ந்தது என்று நான் வாதாட வரவில்லை. நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை உண்மை. அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 58 சி.சி. என்பதே பொய். ஒரு பழைய சிலிண்டரை வெர்னியர் வைத்து நானே அளந்தேன்: குறுக்களவு 45.2 மில்லி மீட்டர். பிஸ்டனின் ஓட்டம் 34 மில்லி மீட்டர். இவற்றைக் கொண்டு சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்கிட்டால் 54.6 சி.சி.க்கு மேல் வராது. அதிர்வும் அதிகம்; இரண்டு மணி நேரம் பிடித்திருந்தால் இரவில் சோற்றைப் பிசைய விரல்கள் ஒத்துழைப்பதில்லை. கூடவே வரும் செயினின் இரும்பு மட்டம். ஸ்டார்ட்டர் கயிறு மூன்றாம் மாதமே அறுந்து என் கையோடு வந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இந்தக் குறைகளில் எது, பழுது பார்க்கவே கூடாது என்ற முடிவுக்கு இட்டுச் செல்கிறது?

இதன் பிறப்பு நீங்கள் நினைப்பது போல் அவ்வளவு இழிந்ததும் அல்ல. சைனாக்காரர் இதைத் தாமாக வரைந்துவிடவில்லை. ஜப்பானின் கொமாட்சு ஜெனோவா செய்த ஜி 4500, ஜி 5000 மிஷின்களின் அமைப்பைப் பார்த்து எடுத்த நகல் இது; இரண்டையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். ஜி 5000-இன் சிலிண்டர் 43 மில்லி மீட்டர். ஓட்டத்தை அதே 34 மில்லி மீட்டரில் விட்டுவிட்டுத் துளையை மட்டும் அகட்டி, பெட்டியின் மேல் எண்ணைக் கூட்டி எழுதிவிட்டார்கள். உங்கள் கடை அலமாரிகளில் மரியாதையோடு உட்கார்ந்திருக்கும் ஸ்வீடன் நாட்டு ஹஸ்க்வர்னா, 2007-இல் அந்த ஜெனோவாவின் தோட்டக் கருவித் தொழிலை விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆக, நீங்கள் ஏற்க மறுக்கும் மிஷினும் நீங்கள் போற்றும் நிறுவனமும் தூரத்து உறவு. நகல் எடுத்தவர்கள் பொருளில் கஞ்சத்தனம் செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

உங்கள் கடைகளில் ஒன்றில், ஜாம் ஆன பிஸ்டன்களை ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சாட்சியாகக் காட்டுகிறீர்கள். அந்த டப்பாவை அனுமதி கேட்டுக் கவிழ்த்துப் பார்த்தேன். பதினொரு பிஸ்டன்கள் இருந்தன. அவற்றில் ஏழில், சைலன்சர் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சிராய்த்திருந்தது; எதிர்ப்பக்கம் கண்ணாடி போல் இருந்தது. இரும்பு மட்டமாக இருந்ததால் வந்த சாவு என்றால் அது இப்படி ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து வந்திருக்காது. சூடு தாங்காமல், எண்ணெய் போதாமல், அல்லது காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்து ஓடிய இன்ஜினின் அடையாளம் அது என்பதை எனக்குச் சொல்லித் தந்ததே உங்களில் மூத்தவர் ஒருவர்தான்.

எண்ணெய் ஏன் போதாமல் போனது என்பதையும் பார்ப்போம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய்க்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போவதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைப்பது. பெயர் பெற்ற மிஷின்களுக்கு, அவற்றுக்கென்று விற்கும் எண்ணெயில், லிட்டருக்கு 20 மில்லி போதும். சைனா மிஷினோடு வரும் தாளில் 25-க்கு 1 என்று எழுதியிருக்கிறது. அதாவது லிட்டருக்கு 40 மில்லி. அந்தத் தாளில் இருக்கும் ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் கொள்வதற்குத் தனிப் படிப்பு வேண்டும் என்பதால், வாங்கியவர் பக்கத்துத் தோப்புக்காரரைக் கேட்கிறார். அவர் தம் ஜெர்மன் மிஷினின் கணக்கைச் சொல்கிறார். இவர் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் ஏதோ ஒரு 2டி ஆயிலை ஒரு மூடி ஊற்றிக் குலுக்குகிறார். பாதி எண்ணெயில், புது மிஷினை, முதல் நாளே முழு ஆக்ஸிலேட்டரில் வைத்து நாள் முழுதும் அறுக்கிறார். மூன்றாம் நாள் அது உங்கள் டப்பாவுக்கு வந்து சேர்கிறது. நான் 40 மில்லிதான் ஊற்றுகிறேன். புகை அதிகம் வரும், பிளக்கில் கரி சேரும், வாரத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். பிஸ்டன் இன்னும் வாங்கியபோது இருந்த அதே பிஸ்டன்.

செயினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் "சைனா மிஷினுக்கு இழுவை இல்லை" என்ற பெயர் அங்கேதான் பிறக்கிறது. நம் முன்னோர் தென்னையையும் பனையையும் புறக்காழ் என்று சொல்லி, மரக் கணக்கிலேயே சேர்க்காமல் புல் என்று ஒதுக்கினார்கள். இலக்கணத்துக்கு ஒதுக்கியது செயினின் பல்லுக்கும் பொருந்தும். வேம்பிலும் புளியிலும் வைரம் நடுவில் இருக்கிறது. தென்னையில் அது ஓரத்தில் இருக்கிறது, நடுவில் இருப்பது சோறு. செயின் மரத்தைத் தொட்ட கணத்திலேயே அதன் மிகக் கடினமான பகுதியைத் தொடுகிறது, வெளியேறும்போதும் அதையே தொடுகிறது. முற்றிய தென்னை இரண்டு மூன்று அறுத்ததும் எந்த நாட்டுச் செயினானாலும் கூர் மழுங்கிவிடும். கூர் இருக்கும் வரை செதில் செதிலாகத் தெறிக்கும். மழுங்கினால் மாவு போல் தூள் கொட்டும். தூள் கொட்டத் தொடங்கியதும் நிறுத்தி அரம் போடுகிறவர் குறைவு. மிஷினை மரத்தின் மேல் அழுத்துகிறார்கள், இன்ஜின் திணறுகிறது, சூடேறுகிறது, பழி சைனாவுக்குப் போகிறது.

இதில் விற்பவர்களின் குறும்பும் உண்டு. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரை 22 அங்குலத்தில் போட்டு விற்றால்தான் வாங்குபவருக்குப் பெரிய மிஷின் வாங்கிய திருப்தி. அதில் ஓடும் செயினுக்கு 86 லிங்க், 43 பல். பல்லின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் இடம், வலம் என்று மாறி மாறி வரும் வரிசை ஓரிடத்தில் தடுக்கி, ஒரே பக்கத்துப் பல் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். அரம் போடத் தொடங்கும் இடத்துக்கு அடையாளமாக நான் அதைத்தான் வைத்திருந்தேன். ஆனால் நம் தென்னையின் விட்டம் ஓரடி சொச்சம். அதற்கு எதற்கு 22 அங்குலம்? 18 அங்குல பாரும் 72 லிங்க் கொண்ட நல்ல செயினும் வாங்கி மாட்டினேன். 36 பல், 4.8 மில்லி மீட்டர் உருண்டை அரம், முப்பது டிகிரிச் சாய்வு, பல்லுக்கு மூன்று தள்ளல். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக்கூடாது. ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை. இழுவை இல்லை என்று எல்லாரும் சொன்ன அதே இன்ஜின்தான், இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு தென்னையை வெண்ணெய்க் கட்டி போல் அறுத்தது. என் தோப்பை முடித்த பின் அண்டைத் தோப்புகள் நான்கையும் இதே மிஷினால் சுத்தம் செய்தோம்.

பழுதே வரவில்லை என்று சொல்லவில்லை. ஏர் ஃபில்டரின் விளிம்பு சரியாக உட்காராமல் மரத்தூள் உள்ளே போயிருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலை மழைக்காலம் முழுதும் டேங்கில் விட்டுவைத்து பெட்ரோல் டியூபை ஊறவைத்துக் கெடுத்தது என் தவறு. கடந்த மாதம் நின்றது ஆயில் பம்ப். பாரின் நுனியைச் சிமென்ட் காகிதத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து முறுக்கினால் எண்ணெய்ப் பொட்டுகள் ஒரு கோடாகத் தெறிக்க வேண்டும். காகிதம் வெறுமையாக இருந்தது. நீங்கள் திருப்பி அனுப்பிய பிறகு நானே பிரித்தேன். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கயிற்றைச் சுருட்டி நுழைத்து பிஸ்டனை நிறுத்திக்கொண்டு கிளட்சைத் திருகினேன். அது இடப்புரி மரை என்பது எனக்குத் தெரியாது. வழக்கமான பக்கம் திருகி, சாவி வழுக்கி, கிளட்சின் ஒரு காதை உடைத்தேன். பிறகுதான் மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன், கழன்று வந்தது. உள்ளே, பம்பைச் சுழற்றும் பிளாஸ்டிக் வார்ம் கியர் மழுங்கியிருந்தது. பம்பும் கியரும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. உடைத்த கிளட்சுக்குத்தான் கூடுதல் செலவு. உங்களில் ஒருவருக்கு அரை மணி நேர வேலை. எனக்கு இரண்டு நாளும் ஒரு விரல் நகமும் ஆயிற்று.

ஒன்றை மட்டும் நான் காப்பாற்றிப் பேசமாட்டேன்: செயின் பிரேக். பாரின் நுனி மேல்விளிம்பு எதிலாவது பட்டு மிஷின் முகத்தை நோக்கி எகிறும்போது, முன் கைப்பிடிக்கு எதிரே உள்ள காப்பு கையில் மோதி, கண் இமைப்பதற்குள் செயினை நிறுத்த வேண்டும். இந்த மிஷின்கள் சிலவற்றில் பிரேக் பட்டை கிளட்ச் டிரம்மைச் சரியாகக் கவ்வுவதில்லை. ஒவ்வொரு நாளும் முதல் மரத்தைத் தொடும் முன் நான் சோதித்துப் பார்க்கிறேன். உங்கள் அட்டை என்னைக் கவலைப்பட வைப்பதும் இந்த இடத்தில்தான். நீங்கள் வேலை எடுக்காததால் இந்த மிஷின்கள் வீட்டில் தூங்கப் போவதில்லை. கூலிக்கு மரம் அறுக்கிறவரிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. பிரேக் கவ்வாவிட்டாலும், ஆக்ஸிலேட்டர் திரும்பாவிட்டாலும், கட்டுக்கம்பியைச் சுற்றிக்கொண்டு அவர் மறுநாளும் மரத்தடியில் நிற்பார். சென்ற வாரம் அப்படிக் காப்பையே கழற்றி எறிந்துவிட்டு அறுத்துக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். "கடையில எடுக்கமாட்டேங்கறாங்க சார், இது சும்மா சும்மா மாட்டிக்குது" என்றான்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஏழாயிரம் ரூபாய் மிஷினுக்கு ஆயிரத்து ஐந்நூறு கூலி கேட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார்; பாதியில் விட்டுப் போன மிஷின்கள் கடையை அடைத்துக்கொள்கின்றன; இன்று சரி செய்தது நாளை வேறோர் இடத்தில் கழன்றால் பழி உங்கள் மேல் விழுகிறது. இவற்றுக்கு வழி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்குங்கள். பிஸ்டன் போன மிஷினை எடுக்கமாட்டோம் என்று சொல்லுங்கள், அதில் எனக்கும் உடன்பாடுதான். உத்தரவாதம் கிடையாது என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் பிரேக் பட்டை, ஆயில் பம்ப், பெட்ரோல் டியூப், ஸ்டார்ட்டர், கார்ப்பரேட்டர் சரிபார்ப்பு ஆகிய ஐந்தையும் மறுக்காதீர்கள். அந்த அட்டையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் "லிட்டருக்கு 40 மில்லி ஆயில்" என்று எழுதித் தொங்கவிட்டால் உங்கள் பெயின்ட் டப்பாவுக்கு வரும் பிஸ்டன்கள் பாதியாகக் குறையும் என்பது என் கணிப்பு.

வரும் சந்தை நாளில் என் மிஷினை மறுபடியும் எடுத்து வருகிறேன். பழுது ஒன்றும் இல்லை. நீங்கள் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான். செயின் அன்று காலை அரம் போட்டதாக இருக்கும். சைலன்சரைக் கழற்றி பிஸ்டனை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அதற்கு 4 மில்லி மீட்டர் ஆலன் கீ மட்டும் எடுத்து வையுங்கள், என்னுடையது தேய்ந்துவிட்டது.

இப்படிக்கு,
பேராவூரணி வட்டாரத் தென்னை விவசாயி ஒருவன்