முட்டை கேட்ட வணிகர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பின் சிரமமின்றிப் படிக்க முடிகிறது என்று அறிந்து மகிழ்ந்தேன். ‘கடன்’ என்னும் பொருளுடைய ‘டெட்’ என்ற ஆங்கிலச் சொல்லில், வாயில் வராத ‘பி’ எதற்கு என்று பேத்தி கேட்டதும் விழித்தீர்களாமே! அந்த ‘பி’ பிற்பாடு செருகப்பட்டதுதான். பிரெஞ்சு வழியாக அச்சொல் வந்தபோது அது இல்லை. லத்தீன் மூலமான ‘டெபிட்டும்’ என்பதை நினைவூட்ட விரும்பிய படிப்பாளிகள் பின்னர் சேர்த்தார்கள். ‘தீவு’ என்னும் பொருளுடைய ‘ஐலண்ட்’ என்பதில் ஒலிக்காமல் உள்ள ‘எஸ்’ இன்னும் வேடிக்கை. லத்தீன் வழி வந்த, அதே பொருளுடைய ‘ஐல்’ என்ற சொல்லோடு இல்லாத உறவைக் கற்பித்து அதை நுழைத்தார்கள்.

ஆனால் பொது ஆங்கிலத்துக்கு அடித்தளமிட்டவர்கள் இந்தப் படிப்பாளிகள் அல்லர் என்பதே என் எண்ணம். 1417 முதல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி மன்னரின் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய எழுத்தர்களும், 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டனும் அவருக்குப் பின் வந்த அச்சகத்தாரும்தாம் லண்டன் வழக்கை நாடெங்கும் கொண்டு சென்றார்கள்.

காக்ஸ்டன் பட்ட பாட்டை அவரே 1490இல் ஒரு முன்னுரையில் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து இன்றைய நெதர்லாந்தில் உள்ள ஸீலாந்துக்குக் கப்பலில் புறப்பட்ட வணிகர்கள், காற்று வீசாததால் கரையிறங்கி, ஒரு வீட்டில் உணவு கேட்டார்கள். அவர்களில் ஒருவர் முட்டை வேண்டி ‘எக்ஸ்’ என்றார். வீட்டுக்காரப் பெண்ணோ தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றுவிட்டாள். தமக்கும் பிரெஞ்சு தெரியாதே என்று அவருக்குக் கோபம்! இன்னொருவர் ‘எய்ரன்’ என்று கேட்ட பிறகே அவளுக்கு விளங்கியது. இவற்றில் எதை அச்சிடுவது என்று கேட்கிறார் காக்ஸ்டன். பழைய ஆங்கிலத்தின் வழிவந்த ‘எய்ரன்’ மறைந்து, ஸ்காண்டிநேவிய வடவர் மொழியிலிருந்து வந்த ‘எக்’ நிலைத்துவிட்டது.

அச்சுத்தொழில் எழுத்துமுறையை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் உயிரொலிகள் பெரிதும் மாறிக்கொண்டிருந்தன என்பதுதான் பேத்தியின் தொல்லைக்குப் பெரிய காரணம். ‘இரவு’ என்னும் பொருளுடைய ‘நைட்’ என்ற சொல்லின் நடுவில் இன்று ஊமையாக நிற்கும் ‘ஜி’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகளும் ஒருகாலத்தில் சேர்ந்து ஒலித்தவை. 1755இல் சாமுவேல் ஜான்சன் அகராதி வெளியிட்டபோது எழுத்துமுறை பெரும்பாலும் உறைந்துவிட்டது. அவர் அதற்கு முத்திரை குத்தினார், அவ்வளவே.

முட்டைக் கதையைப் பேத்திக்குச் சொல்லுங்கள். அடுத்து என்ன கேட்டாள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்