மூக்கு நுனிச் சூடு

அன்புள்ள சேகர்,

ஒலியைப் போல் ஆறு மடங்கு வேகத்தில் (மாக் 6) பறக்கும் ஊர்தியைச் சுற்றிய காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிட்டு நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அழுத்தம் சரியாக வந்திருக்கிறது. அதை வைத்து வெப்பமும் சரி என்று முடிவு கட்டிவிடாதே. காற்றைச் சிறு செல்களாகப் பிரிக்கும் மெஷ் சுமாராக இருந்தாலும் அழுத்தம் ஒழுங்காக வந்துவிடும். வெப்பமோ சுவரை ஒட்டிய முதல் செல்லின் உயரத்துக்குத் தக்கபடி ஆடும். 5 மி.மீ. ஆர நுனிக்கு 20 மைக்ரான் ரொம்பத் தடிமன். அங்கே சுவரை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் எல்லைப் படலமே சில பத்து மைக்ரான்தான். 1 மைக்ரானில் தொடங்கு, பிறகு அதையும் பாதியாக்கி ஓட்டு. எண் அசையாமல் நின்றால்தான் கணக்கு. ரெசிடியூவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) இறங்கியதும் நிறுத்தாதே, வெப்பம் கடைசியில்தான் அடங்கும்.

நடுக்கோட்டில் ஷாக் (மூக்கின் முன் நிற்கும் அதிர்ச்சி அலை) முன்னால் புடைத்திருக்கிறதே, அது காற்றின் வேலை இல்லை. ரோ முறையில் (செல்களுக்கிடையே பாய்வதைக் கணக்கிடும் ஒரு வழி) மெஷ் கோடுகள் ஷாக்கோடு ஒட்டிப் போகும் இடத்தில் வரும் கோளாறு, கார்பங்கிள் என்பார்கள். நம் ராஜபிளவைதான்! என்ட்ரபி ஃபிக்ஸ் என்ற திருத்தம், அதாவது கொஞ்சம் செயற்கைப் பிசுக்கு, போட்டால் அடங்கும். ஆனால் அந்தத் திருத்தத்தைச் சுவர் வரை விட்டுவைத்தால் எல்லைப் படலத்தில் செயற்கைப் பிசுக்கு ஏறி வெப்பக் கணக்கைக் கெடுக்கும். சுவரை நெருங்க நெருங்க அதைக் குறைத்துவிடு. வந்த எண்ணை 1958-இல் ஃபே, ரிடெல் நுனி வெப்பத்துக்குத் தந்த சூத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார். ஆரத்தைப் பாதியாக்கினால் நுனி வெப்பம் சுமார் 1.4 மடங்கு ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மெஷ்ஷில்தான் கோளாறு.

30 கி.மீ. உயரத்தில் காற்று 226 கெல்வின். மாக் 6-இல் தேக்க வெப்பநிலை (காற்று நுனியில் முட்டி நிற்கும்போது ஏறும் சூடு), காமா (காற்றின் இரு வெப்பக் கொள்ளளவுகளின் விகிதம்) 1.4 என்று வைத்தால், ஏறக்குறைய 1850 கெல்வின் ஆகும். ஆக்சிஜன் உடைய அது போதாது, காற்றை ஐந்து வாயுக்களாகப் பிரித்து வினைகளைக் கணக்கிடும் வேதியியல் இப்போது வேண்டாம். ஆனால் மூலக்கூறு அதிர்வு 800 கெல்வினிலேயே எட்டிப் பார்க்கும், அதனால் காமா 1.4 என்று நிலையாக வைக்காதே. மாக் 10 போனால் கதை வேறு.

லாமினாராக (சீரான ஓட்டம்) ஒரு முறை, டர்புலண்டாக (கொந்தளிப்பான ஓட்டம்) ஒரு முறை ஓட்டி இரண்டு எல்லைகளையும் குறித்து வை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றம் எங்கே நடக்கும் என்பதைச் சாதாரண டர்புலன்ஸ் மாடல் சொல்லாது.

எனக்கு அதிகக் கவலை இன்டேக் உதட்டின் (இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாயின் விளிம்பு) மேல்தான். முன் சரிவின் ஷாக் அங்கே வந்து மோதினால் உதட்டின் சொந்த ஷாக்கோடு கலந்து, மெல்லிய ஜெட்டாக ஒரே இடத்தில் குத்தும். 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை மாக் 6.7-இல் ஓட்டியபோது, அடியில் மாட்டியிருந்த போலி ராம்ஜெட் இன்ஜினின் ஷாக் அதைத் தாங்கிய பைலான் தூணில் மோதி ஓட்டை போட்டது. அந்த ஜெட் மிகச் சிறியது. உதட்டைச் சுற்றித் தனியாக மெஷ்ஷை நெருக்கமாகப் போடாவிட்டால் உன் படத்தில் அது தெரியவே தெரியாது.

மெஷ்ஷை மாற்றியதும் நுனி, உதடு இரண்டின் எண்களை மட்டும் அனுப்பு. வண்ணப் படம் வேண்டாம்.

அன்புடன்,
முரளி