45 நாளில் முழு நிவாரணம் என்றீர்கள்: ஐந்தாவது முறையாக எழுதுகிறேன்

திண்டிவனம்,
16.06.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்புத்தளத் தசைப் பயிற்சித் திட்டத்துக்குச் செலுத்திய ரூ.28,500 திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். நான்குக்கும் ஒரே பதில், ஏழு வேலை நாள்களில் தொடர்புகொள்வோம் என்று. தொலைபேசியில் கேட்டால் கிளையைக் கேளுங்கள் என்கிறார்கள். கிளையில் கேட்டால் அது செயலிப் பிரிவின் பொறுப்பு என்கிறார்கள். செயலிப் பிரிவு கணக்குப் பிரிவுக்கு அனுப்புகிறது, கணக்குப் பிரிவு மறுபடியும் கிளைக்கு அனுப்புகிறது. மூன்று மாதமாக இந்தச் சுற்றுதான். இதையாவது பொறுப்புள்ள ஒருவர் முழுமையாகப் படிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள், தையலும் போட்டார்கள். அன்றிலிருந்து தும்மினால், இருமினால், பிள்ளைகளை அதட்டக் கொஞ்சம் குரலை உயர்த்தினால்கூடச் சிறுநீர் கசிகிறது. இரண்டரை ஆண்டாக நான் வெளிர்நிறப் புடவை கட்டியதில்லை. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்கள் கூச்சத்தை நம்பித்தான் உங்கள் வியாபாரம் நடக்கிறது என்று இப்போது புரிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

கசிவு நிற்கும் என்று நம்பி, சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான உங்கள் பயிற்சித் திட்டத்துக்கு ஜனவரி 18ஆம் தேதி பணம் கட்டினேன். ஆறு நேரடி அமர்வுகள், வீட்டில் அந்தத் தசையை இறுக்கிப் பழக ஓர் இளஞ்சிவப்புக் கருவி, செயலி, எல்லாம் சேர்த்து ரூ.28,500. என் ஒரே செயினை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. உங்கள் ஆலோசகர் கேட்டது இரண்டே கேள்விகள்: பிரசவம் எப்போது, பணத்தை எப்படிக் கட்டுகிறீர்கள். யாரும் என்னைப் பரிசோதிக்கவில்லை. தையல் எப்படி ஆறியிருக்கிறது, வலி இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “45 நாள் மேடம், அதற்குப் பிறகு நாப்கினைத் தூக்கி எறிந்துவிடலாம்” என்று சொன்னார். நாள்காட்டியில் மார்ச் 4ஐ வட்டமிட்டு வைத்தேன். என் மாமியாருக்கும் அந்தத் தேதி தெரியும்.

மார்ச் 8ஆம் தேதிக்கு வருகிறேன். நீங்கள் எதை மறுத்தாலும் அன்று நடந்ததை மறுக்க முடியாது. 45 நாள் முடிந்ததும் செய்யும் இறுதி மதிப்பீட்டுக்கு அந்தச் சனிக்கிழமை காலை 11 மணி என்று குறுஞ்செய்தி அனுப்பியது நீங்கள்தான், என்னிடம் இருக்கிறது. நான் உங்கள் கிளைக்கு வருவது எப்படி என்று யாராவது ஒருநாள் யோசித்திருக்கிறீர்களா? முந்தின நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கமாட்டேன். கிளாம்பாக்கம் வரும்வரை பஸ்ஸில் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேகத்தடையில் பஸ் குலுங்கும்போதெல்லாம் உயிர் போய்த் திரும்பும். கிளாம்பாக்கத்தில் கழிவறைக்குப் போய் நாப்கினை மாற்றிக்கொண்டு, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து நகருக்குள் வர வேண்டும். அப்படி வந்து சேர்ந்தால், வாசலில் பலூன் கட்டியிருக்கிறது, மகளிர் தினமாம். உங்கள் சிகிச்சையாளர் ஏதோ விழாவுக்குப் போய்விட்டாராம். வரவேற்பில் இருந்த பெண் என் கையில் ஒரு ரோஜாப்பூவைக் கொடுத்துவிட்டு, உள்ளே திரும்பிச் சத்தமாகக் கேட்டார்: “சிறுநீர் ஒழுகுகிற மேடம் வந்திருக்கிறார்கள், என்ன சொல்லட்டும்?” முட்டிவலிக்கும் தோள்வலிக்கும் வந்த ஆண்கள் ஐந்தாறு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்ணின் பெயர்ப்பட்டையைப் படிக்கும் நிலையில் நான் இல்லை. அன்றைய பணிப் பதிவேடு உங்களிடம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அமர்வுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு சனிக்கிழமையும் ஒரே பயிற்சிதான்: இறுக்கு, ஐந்து எண்ணு, விடு. எனக்கும் அதுவே, பக்கத்துப் படுக்கையில் இருந்த அறுபது வயது அம்மாவுக்கும் அதுவே. கருவியின் மூன்றாம் நிலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் கருவிதானே. அந்த நிலைக்கு வந்ததிலிருந்து தையல் போட்ட இடத்தில் எரிச்சல், உட்கார்ந்தால் வலி. சொன்னேன். “நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம், இன்னும் அழுத்தி இறுக்குங்கள்” என்றார்கள். இறுக்கினேன். கசிவு கூடியது. மார்ச் 4ஆம் தேதி மதிய இடைவேளையில், பள்ளிக் கழிவறையில் பாவாடை ஓரத்தை அலசிக்கொண்டிருந்தபோது உங்கள் செயலியிலிருந்து செய்தி வந்தது: “வாழ்த்துகள்! உங்கள் 45 நாள் பயணம் வெற்றிகரமாக நிறைவடைந்தது.” ஈரக்கையோடு அதைப் படித்துவிட்டு அங்கேயே அழுதேன். அடுத்த பாடவேளை மணி அடித்துவிட்டது, முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

மார்ச் கடைசியில், என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் தனக்குத் தெரிந்த பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அழைத்துப் போனார். சிறிய அறை, ஒரு படுக்கை, ஒரு திரை. முதலில் அரை மணி நேரம் பேச மட்டும் செய்தார். மூன்று நாள் குறிப்பேடு எழுதச் சொன்னார்: எவ்வளவு குடித்தேன், எப்போது கழித்தேன், எப்போது கசிந்தது. பிறகு என் சம்மதத்தைக் கேட்டு, கையுறை போட்டு, ஒரே விரலால் பரிசோதித்தார். சில நிமிட வேலை. என் தசை தளர்ந்து போகவில்லையாம், எந்நேரமும் இறுகிப்போய்க் கிடக்கிறதாம். முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை தூளி கட்டியதுபோல இருக்கும் தசை அது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகிறது. ஏற்கெனவே மூடிய கையை மேலும் மூடு என்றால் எப்படி மூடும், முதலில் திறக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். வயிற்றால் மூச்சை இழுத்து, அந்தத் தசை கீழே இறங்கித் தளர்வதை உணர எனக்கு மூன்று வாரம் ஆனது. அதன் பிறகுதான் இறுக்கும் பயிற்சி. இறுக்கமாக இருப்பவருக்கு இறுக்கும் பயிற்சியை மட்டும் கொடுத்தால் வலி கூடும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். உங்களுக்குத் தெரியாதா? தண்ணீரைக் குறைப்பதும் தவறாம். சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தி இன்னும் அவசரப்படுத்துமாம். உங்களிடம் ஆறு வாரம் வந்தேன், நான் தண்ணீர் குடிக்காமல் வருகிறேன் என்பதுகூட உங்கள் ஆட்களுக்குத் தெரியாது.

நாள் கணக்கு அவரிடமும் கேட்டேன். “நான் தேதி தரமாட்டேன்” என்றார். முதல் சில வாரங்களில் மூளையும் நரம்பும்தான் கற்றுக்கொள்ளும், தசை வலுப்பெறுவது அதற்குப் பிறகு, நடுவில் சில வாரங்கள் பின்னடைவு வரும், மாதவிடாய் நாள்களிலும் சளி இருமல் நாள்களிலும் கூடுதலாகக் கசியலாம், அதற்காகத் தோற்றுவிட்டோம் என்று நினைக்கக் கூடாது என்றார். இதைச் சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை? தும்மல், இருமலில் கசியும் பிரச்சினைக்கு மேற்பார்வையுடன் குறைந்தது 3 மாதப் பயிற்சி என்று பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு தன் வழிகாட்டுதலில் வைத்திருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியது 1948இல். 77 ஆண்டுகளாக உலகம் கையில் வைத்திருக்கும் விஷயம் இது. இதையே தொழிலாக நடத்தும் நீங்கள் தெரியாமல் 45 நாள் என்று அச்சடித்திருக்க முடியாது. தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள்.

ஏப்ரல் 22ஆம் தேதி உங்கள் அழைப்பு மையத்தில் பேசியவர் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். நிபந்தனை 14ஐப் படியுங்கள் மேடம், பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்று போட்டிருக்கிறோமே என்றார். சுவரொட்டியில் கை அகலத்துக்கு 45, நிபந்தனையில் எறும்பு எழுத்தில் ஆளுக்கு ஆள் மாறுபடும். அப்படியானால் எது உண்மை என்று கேட்டேன். “நீங்கள் பயிற்சியை ஒழுங்காகச் செய்திருக்கமாட்டீர்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு இதெல்லாம் சகஜம்தானே” என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். செய்யாமலா? அதிகாலை நாலரைக்கு எழுந்து, குழந்தை விழிப்பதற்குள் உங்கள் கருவியோடு மல்லுக்கட்டியவள் நான். 45 நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை, உங்கள் செயலியே பச்சைக் குறி போட்டு வைத்திருக்கிறது, எடுத்துப் பாருங்கள். என் உடம்பில்தான் ஏதோ கோளாறு, எனக்கு இனி குணமே ஆகாது என்று மூன்று வாரம் யாரோடும் பேசாமல் கிடந்தேன். அந்த நினைப்பை எனக்குள் போட்டது நீங்கள். ரோஜாப்பூ கொடுத்து அனுப்பினீர்களே, அதன் பிறகு ஒருவராவது என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டீர்களா?

உங்களால் என் வேலையில் இருந்த நிம்மதி, என் குடும்பத்தின் நிம்மதி, என் மகளோடு ஓடி விளையாட வேண்டிய இந்த வயது எல்லாமே போய்விட்டது. இதை எந்தப் பணத்தாலும் ஈடுகட்ட முடியாது. இருந்தாலும் கேட்கிறேன்: கட்டணம் ரூ.28,500, ஏழு முறை வந்து போன செலவு ரூ.2,450, மன உளைச்சலுக்கு ரூ.10 லட்சம். அந்த 45 நாள் விளம்பரத்தை எல்லாக் கிளைகளிலிருந்தும் எடுக்க வேண்டும். பரிசோதனை செய்யாமல் எந்தப் பெண்ணிடமும் பணம் வாங்கக் கூடாது. மார்ச் 8 நிகழ்வுக்கு எழுத்துமூலம் மன்னிப்பு வேண்டும்.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நாலாவது அமர்வில் எனக்கு ஒரு சிறு தலையணை கொண்டுவந்து கொடுத்த உதவியாளப் பெண்ணை நான் மறக்கமாட்டேன். ஆகவே ஜூலை 1 வரை காத்திருக்கிறேன். அதற்குள் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நான் கட்டிய தொகைக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். ரசீது, குறுஞ்செய்தி, சுவரொட்டியின் புகைப்படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

புதிய சிகிச்சை தொடங்கி 11 வாரம் ஆகிறது. நாளுக்கு நான்கு நாப்கின் என்பது ஒன்றாகக் குறைந்திருக்கிறது. இன்னும் முழுதாகக் குணமாகவில்லை.

தொலைபேசியில் பேசுவதானால் மாலை நாலரைக்கு மேல் ஒரு பெண் ஊழியரைப் பேசச் சொல்லுங்கள். பள்ளி நேரத்தில் அழைக்க வேண்டாம். அந்த இளஞ்சிவப்புக் கருவியைப் பெட்டியோடு கட்டி வைத்திருக்கிறேன், ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைக் கொடுக்க உங்கள் கிளைக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஜனவரி 18 அன்று பணம் கட்டிய உங்கள் வாடிக்கையாளர்
(பதிவு எண் இணைப்பில் உள்ளது)